டெக்ஸாஸ் ஸ்கூல் போர்டு: புதிதாக வந்த கிறிஸ்தவப் பெற்றோருக்கு ஒரு கையேடு

அதிபர் தேர்தல் இரவென்றால் நம் வீடுகளில் விடிய விடிய டிவி ஓடும். பிள்ளையின் பள்ளி நூலகத்துக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம், ஆரம்பப் பள்ளியில் எந்தப் பாடத்திட்டத்தை எடுக்கலாம், மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான சூப்பரிண்டெண்டெண்டாக யாரை வைக்கலாம் என்பதை முடிவு செய்வதோ உங்கள் பள்ளி மாவட்டத்தின் டிரஸ்டிகள், அதாவது ஸ்கூல் போர்டு உறுப்பினர்கள். ஐ.எஸ்.டி. என்று அழைக்கப்படும் பள்ளி மாவட்டங்கள் பெரும்பாலானவற்றில் இவர்கள் ஏழு பேர். சம்பளம் கிடையாது. அவர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள் பல ஊர்களில் மே மாதத்து முதல் சனிக்கிழமை. பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாமல் வந்து போய்விடும்.

டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். பிள்ளை வளர்ப்பு கர்த்தர் பெற்றோர் கையில் கொடுத்த பொறுப்பு, பள்ளி அதற்குத் துணை நிற்க வேண்டியது என்பதே எங்கள் நிலைப்பாடு. கீழே வரும் நடைமுறைக்கு மதம் கிடையாது. முஸ்லிம், இந்துக் குடும்பங்களும் இதே கதவைத்தான் தட்ட வேண்டும்.

குடியுரிமை இல்லாதவர்கள் முதலில் இதைப் படியுங்கள்

கிரீன் கார்டு, எச்-1பி, எச்-4 வைத்திருப்பவர்கள் எந்தத் தேர்தலிலும் பதிவு செய்யக் கூடாது, ஓட்டுப் போடக் கூடாது. ஸ்கூல் போர்டு சின்னத் தேர்தல்தானே என்ற கணக்கு இங்கே எடுபடாது. ஆபத்து பெரும்பாலும் டிரைவிங் லைசென்ஸ் அலுவலகத்தில் வருகிறது. படிவத்தில் "வாக்காளராகப் பதிவு செய்ய விரும்புகிறீர்களா" என்றொரு கேள்வி இருக்கும். வரிசையில் நின்று களைத்துப்போய், எல்லாவற்றுக்கும் "ஆம்" போட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. பிறகு குடியுரிமைக்கு என்-400 படிவம் நிரப்பும்போது, எப்போதாவது பதிவு செய்தீர்களா, ஓட்டுப் போட்டீர்களா என்று நேராகவே கேட்பார்கள். குடிமகன் என்று பொய்யாகச் சொன்னதாக அது எடுத்துக்கொள்ளப்பட்டால் நாடு கடத்தல் வரைக்கும் போகும். தவறுதலாகப் பதிவாகிவிட்டது என்று சந்தேகம் இருந்தால், என்-400 அனுப்பும் முன்பே குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். சபையில் விவரம் தெரிந்த அண்ணனிடம் கேட்டு முடிவெடுக்கிற விஷயம் இல்லை இது.

நன்கொடையிலும் கவனம் வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர் வேட்பாளருக்குப் பணம் கொடுக்கலாம். எச்-1பி, எச்-4, எஃப்-1 விசாவில் இருப்பவர் கொடுக்கக் கூடாது. நண்பர் ஸ்கூல் போர்டுக்கு நிற்கிறார், 25 டாலர்தானே என்றாலும் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. சம்பளம் வாங்காமல் தொண்டராக உதவலாம்.

மற்றபடி பெற்றோர் என்ற முறையில் உள்ள உரிமைகளுக்கு விசா ஒரு தடையே இல்லை. பாடப் பொருட்களைப் பார்ப்பது, பிள்ளையின் பதிவேடுகளைக் கேட்பது, போர்டு கூட்டத்தில் பேசுவது, புகார் கொடுப்பது, சுகாதார ஆலோசனைக் குழுவில் உட்காருவது எல்லாம் எந்த விசாவிலும் முடியும். "நமக்கு ஓட்டு இல்லையே" என்று ஒதுங்குகிற பெற்றோர் பாதி வழியைத் தாங்களே அடைத்துக்கொள்கிறார்கள்.

யார் கையில் எது இருக்கிறது

தவறான ஆளிடம் போய் நின்று பாதி ஆண்டை வீணடிப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. மாநிலம் முழுவதற்குமான பாடத்தரத்தை, அதாவது டீக்ஸ் என்று சொல்கிறார்களே அதை, வகுப்பது மாநிலக் கல்வி வாரியம். அதில் 15 பேர். கட்சி அடிப்படையில், நவம்பரில் தேர்வாகிறார்கள். 2024 நவம்பரில் வேதாகமப் பகுதிகள் கொண்ட புளூபானெட் பாடத்திட்டத்தை 8-7 என்று ஒரே ஓட்டு வித்தியாசத்தில் ஏற்றது இந்த வாரியம்தான். ஆனால் அதை எடுத்துக்கொள்வது கட்டாயமில்லை. எடுக்கும் மாவட்டத்துக்கு மாணவருக்கு 60 டாலர் வரை கூடுதல் பணம் கிடைக்கும். எடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் ஊர் டிரஸ்டிகள் பாடு. வரவேற்கிறவர்களும் பாடங்களைத் திறந்து படித்துவிட்டுப் பேசுங்கள். படிக்காமலே ஆதரிப்பதும் எதிர்ப்பதும் நிறைய நடக்கிறது.

சட்டம் இயற்றுவது ஆஸ்டினில் உள்ள சட்டமன்றம். நிறைவேற்றுவதைக் கண்காணிப்பது டெக்ஸாஸ் கல்வி முகமை. அன்றாடம் கதவைத் திறந்து மூடுவது பிரின்சிபல். ஹூஸ்டன் ஐ.எஸ்.டி. ஒரு விதிவிலக்கு: 2023 ஜூனில் மாநிலம் அதைத் தன் கையில் எடுத்தது. அங்கே அதிகாரம் நியமிக்கப்பட்ட மேலாளர் குழுவிடம் போனது.

"ஹூ ரெப்ரஸன்ட்ஸ் மீ" என்ற சட்டமன்றத் தளத்தில் உங்கள் முகவரியை இட்டால் மாநில செனட்டர், ஹவுஸ் உறுப்பினர், கல்வி வாரிய உறுப்பினர் பெயர்கள் வந்துவிடும். டிரஸ்டிகளின் பெயர் ஐ.எஸ்.டி. தளத்தில் இருக்கும். உங்கள் ஊர் பெயரும் பள்ளி மாவட்டமும் ஒன்று என்று நினைக்காதீர்கள். பிளேனோ நகரத்திலேயே சில தெருக்கள் ஃபிரிஸ்கோ ஐ.எஸ்.டி.யில் வருகின்றன. சொத்து வரி ரசீதைப் பார்த்தால் எந்த ஐ.எஸ்.டி. என்பது தெளிவாகத் தெரியும்.

பதிவும் நம் பெயர்ச் சிக்கலும்

டெக்ஸாஸில் லைசென்ஸ் புதுப்பிக்கும்போது தவிர, ஆன்லைனில் புதிதாகப் பதிவு செய்ய வழியில்லை. படிவத்தை அச்சிட்டுக் கையெழுத்திட்டு கவுண்டி வாக்காளர் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும், அல்லது நேரில் கொடுக்க வேண்டும். தேர்தலுக்கு 30 நாள் முன்பு கெடு முடிந்துவிடும். தளத்தில் நிரப்பி "முடிந்தது" என்று வந்ததும் வேலை முடிந்ததாக நினைத்து, அச்சிட்ட தாளை மேஜையிலேயே விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். ஆகவே அனுப்பிய சில வாரத்தில் மாநிலத் தளத்தில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வேறு கவுண்டிக்கு வீடு மாறினால் புதிதாகப் பதிய வேண்டும். காலினிலிருந்து டென்டனுக்குப் பத்து நிமிடத் தூரம் நகர்ந்தாலும் இதே விதிதான்.

வாக்காளர் பதிவு அட்டையில் "எஸ். அருள்ராஜ்", லைசென்ஸில் "அருள்ராஜ் செல்வராஜ்", பாஸ்போர்ட்டில் முதற்பெயர் தெரியாது என்று பொருள்படும் எஃப்.என்.யூ. என்ற மூன்றெழுத்து. தமிழ்நாட்டிலிருந்து வந்த பெரும்பாலான வீடுகளில் இந்தக் கதை உண்டு. சட்டப்படி பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டியதில்லை, பெருமளவு ஒத்திருந்தால் போதும். வாக்குச்சாவடி அதிகாரி ஒரு சிறு கட்டத்தைக் காட்டி அதில் இனிஷியல் போடச் சொல்வார். "நானும் பட்டியலில் உள்ள அந்த நபரும் ஒருவரே" என்ற உறுதிமொழி அது. போட்டுவிட்டு உள்ளே போகலாம். முற்றிலும் வேறு பெயராக இருந்தால் அன்றைக்கு வாதாடிப் பயனில்லை. அதனால் குடியுரிமைச் சான்றிதழில் உள்ள பெயரையே லைசென்ஸுக்கும் பதிவுக்கும் கொடுத்து ஒழுங்குபடுத்திவிடுங்கள். குடியுரிமை உறுதிமொழி எடுக்கும் சடங்கு நாளிலேயே பெயரை மாற்றிக்கொள்ள வாய்ப்பு இருந்தால் தவற விடாதீர்கள்.

ஏற்றுக்கொள்ளும் புகைப்பட அடையாளம் ஏழு வகை. நமக்குப் பயன்படுபவை டெக்ஸாஸ் லைசென்ஸ், டெக்ஸாஸ் அடையாள அட்டை, அமெரிக்க பாஸ்போர்ட், படம் உள்ள குடியுரிமைச் சான்றிதழ். வேறு மாநில லைசென்ஸ் செல்லாது. 18 முதல் 69 வயது வரை காலாவதியாகி நான்கு ஆண்டுக்குள் இருந்தால் பரவாயில்லை. 70 வயதுக்கு மேல் எப்போது காலாவதியானதும் செல்லும்.

ஆங்கிலம் தடுமாறும் அப்பா, அம்மா குடியுரிமை பெற்றிருந்தால் உதவிக்கு ஒருவரை அழைத்துப் போகலாம். வேலை கொடுத்தவரும் தொழிற்சங்கப் பிரதிநிதியும் மட்டும் கூடாது. 2014இல் வில்லியம்சன் கவுண்டியில் வங்காளி பேசும் ஓர் அம்மாவுக்கு மொழிபெயர்க்க வந்த மகனை, வேறு கவுண்டி வாக்காளர் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 2017இல் அந்த விதி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. எனவே மகனோ மகளோ எந்தக் கவுண்டியில் இருந்தாலும் கூட வரலாம். உதவுகிறவர் ஒரு படிவம் நிரப்பி உறுதிமொழி எடுக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தைக் கணக்கில் வையுங்கள்.

வாக்குச்சாவடிக்குள் செல்போன் எடுக்கக் கூடாது. ஸ்கூல் போர்டு வேட்பாளர்களின் பெயருக்குப் பக்கத்தில் கட்சி இருக்காது. ஆகவே யாருக்குப் போடுவது என்பதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தாளுக்குத் தடையில்லை. வேட்பாளர் பெயர் போட்ட தொப்பியோ டி-ஷர்ட்டோ போட்டுக்கொண்டு 100 அடிக்குள் வந்தால் கழற்றிவிட்டு வரச் சொல்வார்கள்.

2027 மே நாட்காட்டி

ஃபிரிஸ்கோ, கேட்டி, ஃபோர்ட் பெண்ட் போன்றவை மே மாதத்தில் தேர்தல் வைக்கின்றன. சை-ஃபேர் ஒற்றைப்படை ஆண்டு நவம்பரில், ரவுண்ட் ராக் இரட்டைப்படை ஆண்டு நவம்பரில். மே 1, 2027 சனிக்கிழமையை எடுத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணினால் இப்படி வரும். வேட்புமனு தொடக்கம் ஜனவரி 13. மனு கெடு 78ஆம் நாள், அதாவது பிப்ரவரி 12 வெள்ளி. வாக்காளர் பதிவுக் கெடு ஏப்ரல் 1 வியாழன். முன்கூட்டிய வாக்களிப்பு ஏப்ரல் 19 திங்கள் முதல் ஏப்ரல் 27 செவ்வாய் வரை. நடுவே ஏப்ரல் 21 மாநில விடுமுறை வருகிறது, சில மையங்கள் மூடியிருக்கலாம். தேர்தலன்று காலை 7 முதல் மாலை 7 வரை. முன்கூட்டிய வாக்களிப்பு விதிகளைச் சட்டமன்றம் மாற்றிக்கொண்டிருக்கிறது. அந்த மாத அறிவிப்பைக் கவுண்டி தளத்தில் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு டிரஸ்டி இடமும் ஒவ்வோர் ஆண்டும் தேர்தலுக்கு வராது. பதவிக்காலம் மூன்று அல்லது நான்கு ஆண்டு. எந்த இடம், எப்போது, முழு மாவட்டத்துக்குமா அல்லது உங்கள் பகுதிக்கு மட்டுமா என்பதைக் குறித்து வையுங்கள். பல மாவட்டங்களில் அதிக ஓட்டு வாங்கியவரே வெற்றி, பாதிக்கு மேல் தேவையில்லை. இதன் விளைவு கசப்பானது: ஒரே கருத்துள்ள இரண்டு நல்ல மனிதர்கள் ஒரே இடத்துக்கு நின்றால் இருவருமே தோற்கலாம். மனு கெடுவுக்கு முன்பே பேசி ஒருவரை விலகச் சொல்வது அரசியல் சூழ்ச்சி ஆகாது.

வகுப்பிலிருந்து விலக்கும் கடிதம்

டெக்ஸாஸ் கல்விச் சட்டத்தின் 26ஆம் அத்தியாயம் முழுவதும் பெற்றோர் உரிமை பற்றியது. 26.010 பிரிவு உங்கள் மத அல்லது ஒழுக்க நம்பிக்கைக்கு முரணான ஒரு வகுப்பிலிருந்தோ நடவடிக்கையிலிருந்தோ பிள்ளையைத் தற்காலிகமாக விலக்கிக்கொள்ள அனுமதிக்கிறது. நிபந்தனை ஒன்று: எழுத்தில் கொடுக்க வேண்டும், அதுவும் வகுப்பாசிரியரிடம். பிரின்சிபலுக்கு ஒரு நகல். தேர்வைத் தவிர்ப்பதற்கோ, ஒரு பாடத்தையே பருவம் முழுக்கத் தவிர்ப்பதற்கோ இந்தப் பிரிவைப் பயன்படுத்த முடியாது. "உயிரியலே வேண்டாம்" என்ற கடிதம் அன்றே திரும்பி வரும். "அக்டோபர் 14 அன்று வாசிக்கப்போகும் இந்த நூலின்போது" என்று எழுதினால் நிற்கும்.

கடிதத்தை ஆங்கிலத்தில், அரைப் பக்கத்துக்குள் எழுதுங்கள். பிள்ளையின் பெயர், வகுப்பு, ஆசிரியர் பெயர். எந்தப் பாடம் அல்லது நூல், எந்த நாள். இது எங்கள் கிறிஸ்தவ விசுவாசத்துக்கு முரணானது என்று ஒரே வாக்கியம். 26.010இன்படி விலக்குகிறேன் என்று ஒரு வாக்கியம். அந்த நேரத்தில் மாற்றுப் பாடம் கொடுக்கும்படி ஒரு வேண்டுகோள். தேதி, கையெழுத்து. நீதிமொழிகள் 22:6ஐயும் எபேசியர் 6:4ஐயும் முழுதாக எழுதி இரண்டு பக்கம் பிரசங்கம் செய்ய மனம் துடிக்கும்தான். படிக்கிறவர் பார்ப்பது பிரிவு எண்ணையும் தேதியையும் மட்டுமே. மின்னஞ்சலாக அனுப்பிப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வாயால் சொன்னது பதிவேட்டில் ஏறாது.

இந்த உரிமைக்கு மேலே இரண்டு பெரிய தூண்கள் சமீபத்தில் வந்திருக்கின்றன. மேரிலாந்தின் மாண்ட்கோமெரி கவுண்டியில் ஓரினச் சேர்க்கை, பாலின அடையாளம் பற்றிய கதைப் புத்தகங்களிலிருந்து பிள்ளைகளை விலக்க அனுமதி மறுத்த வழக்கில், மஹ்மூத் எதிர் டெய்லர் என்ற பெயரில், 2025 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்று பெற்றோர் பக்கம் நின்றது. வழக்குத் தொடுத்தவர்களில் முஸ்லிம், கத்தோலிக்க, உக்ரேனிய ஆர்த்தடாக்ஸ் குடும்பங்கள் இருந்தன. நாம் இன்று கடிதத்தில் சாய்ந்துகொள்ளும் தீர்ப்பின் தலைப்பில் இருப்பது ஒரு முஸ்லிம் தகப்பனின் பெயர். அடுத்த தெரு மசூதிக் குடும்பத்தை எதிரணியாகப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். இரண்டாவது, 2025 நவம்பர் 4 அன்று டெக்ஸாஸ் வாக்காளர்கள் 15ஆம் முன்மொழிவை ஏற்று, பிள்ளையின் வளர்ப்பு பற்றி முடிவெடுக்கும் பெற்றோர் உரிமையை மாநில அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டார்கள்.

2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எஸ்.பி. 12 (மாநில செனட் மசோதா 12) இன்னொரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. பள்ளியில் தரும் உடல்நலச் சேவைகளுக்கும் மாணவர் மன்றங்களில் சேர்வதற்கும் பெற்றோரின் எழுத்து அனுமதி வேண்டும். சட்டத்தின் சில பகுதிகள் மீது வழக்கு உண்டு. நடைமுறையில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்: அந்த இலையுதிர் காலத்தில் படிவம் வராத பிள்ளைக்கு பேண்ட்-எய்ட் ஒட்டவே சில நர்சுகள் தயங்கினார்கள், பிறகு விளக்கம் வந்தது. இதில் நம் பிள்ளைகளுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. வேதாகம மன்றமும் மாணவர் மன்றமே. நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் உங்கள் மகள் அந்த ஜெபக் கூட்டத்திலும் உட்கார முடியாது. ஆகஸ்டில் வரும் படிவக் கட்டை அப்படியே மொத்தமாக "சம்மதம்" என்றோ "மறுப்பு" என்றோ போடாமல் வரி வரியாகப் படியுங்கள். காய்ச்சல் மாத்திரைக்கு ஆம், மனநலக் கேள்வித்தாளுக்கு முதலில் என்னைக் கேளுங்கள் என்று தனித்தனியாகக் குறிக்க அதில் இடம் இருக்கும்.

பள்ளிச் சுகாதார ஆலோசனைக் குழு, ஷேக் என்பார்கள், யாரும் கவனிக்காத பொக்கிஷம். பாலியல் கல்விக்கு எந்தப் பாடத்தை எடுக்கலாம் என்று போர்டுக்குப் பரிந்துரைப்பது இதுதான். குறைந்தது ஐந்து பேர், பெரும்பான்மை மாவட்டத்தில் வேலை செய்யாத பெற்றோராக இருக்க வேண்டும், ஆண்டுக்கு நான்கு கூட்டமாவது நடக்க வேண்டும். ஆள் கிடைக்காமல் தவிக்கும் மாவட்டங்களில் விண்ணப்பித்தாலே இடம் கிடைக்கும்.

நூலகம்

2025இல் வந்த எஸ்.பி. 13 படி, புதிதாக வாங்கும் நூல்களுக்குப் போர்டின் ஒப்புதல் வேண்டும். பட்டியலை 30 நாள் முன்பே பொதுவில் வைக்க வேண்டும். உங்கள் பிள்ளை எதை எடுத்துப் போகிறான் என்ற பதிவை நீங்கள் கேட்கலாம். எதைக் கொடுக்கக் கூடாது என்றும் எழுதிக் கொடுக்கலாம். மாணவர்களில் 10 சதவீதத்தினரின் பெற்றோரோ 50 பெற்றோரோ, எது குறைவோ அத்தனை பேர் மனுவில் கையெழுத்திட்டால், மாவட்டம் நூலக ஆலோசனைக் குழு அமைத்தே ஆக வேண்டும். 50 கையெழுத்து என்பது இரண்டு நடுத்தரத் தமிழ்ச் சபைகளின் பெற்றோர் கூட்டம்தான்.

ஒரு நூலை எதிர்க்கும்போது இணையத்தில் சுற்றும் பட்டியலை அப்படியே ஒட்டாதீர்கள். 80 நூல் கொண்ட பட்டியலில் உங்கள் பள்ளியில் இல்லாதவை பாதி இருக்கும், நீங்கள் படிக்காதவை எல்லாமே இருக்கும். நூலகர் கேட்கும் முதல் கேள்வியிலேயே மனு விழுந்துவிடும். ஒரே ஒரு நூல், முழுதாகப் படித்து, பக்க எண்களோடு, எந்த வயதுப் பிள்ளைக்கு ஏன் பொருந்தாது என்று எழுதுங்கள். சொந்தப் பிள்ளைக்குத் தடுப்பது ஒரு படிவத்தில் முடியும், எல்லாப் பிள்ளைக்கும் தடுப்பது நீண்ட பாதை. பெரும்பாலான குடும்பங்களுக்கு முதலாவதே போதும்.

கூட்டத்தில் மூன்று நிமிடம்

போர்டுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் மூன்று வேலை நாள் முன்பே வெளியாக வேண்டும். நிரலில் உள்ள எந்த விஷயம் பற்றியும் பேச விரும்பும் பொதுமக்களை அனுமதிக்க வேண்டும் என்பது 2019 முதல் சட்டம். பெயர் கொடுக்கும் கெடு மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். சில இடங்களில் கூட்டத்தன்று மதியமே முடிந்துவிடும். வழக்கமாக மூன்று நிமிடம், ஆட்கள் கூடினால் ஒன்றாகக் குறைப்பார்கள். ஆகவே முதல் 30 விநாடியில் என்ன வேண்டும் என்பதைச் சொல்லிவிடுங்கள். மொழிபெயர்ப்பாளரோடு பேசுகிறவருக்குக் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. அம்மாவோ மாமியாரோ தமிழில் பேசி நீங்கள் மொழிபெயர்க்கலாம்.

நீங்கள் பேசி முடித்ததும் ஏழு பேரும் கல்லாக உட்கார்ந்திருப்பார்கள். அவமதிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நிரலில் இல்லாத விஷயத்துக்கு அவர்கள் விவாதமாகப் பதில் சொல்லச் சட்டம் இடம் தராது. தகவலைச் சொல்லலாம், கொள்கையை வாசிக்கலாம், அடுத்த நிரலில் சேர்க்கலாம், அவ்வளவுதான். மறுநாள் மின்னஞ்சலில் தொடருங்கள். ஆசிரியர் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டினால் தலைவர் குறுக்கிடுவார். அதற்கான வழி வேறு.

அந்த வழி எஃப்.என்.ஜி. என்ற கொள்கைக் குறியீட்டில் இருக்கிறது. மாவட்டத் தளத்தின் கொள்கைப் பக்கத்தில் இந்த மூன்றெழுத்தைத் தேடுங்கள். முதலில் பிரின்சிபல், அடுத்து சூப்பரிண்டெண்டெண்ட் அலுவலகம், பிறகு போர்டு. ஒவ்வொரு படிக்கும் கெடு உண்டு, 2025 சட்டத்துக்குப் பிறகு அவை மாறியிருக்கின்றன. புகார்கள் தோற்பது பெரும்பாலும் நியாயம் இல்லாததால் அல்ல. "பேசிப் பார்ப்போம்" என்று இரண்டு மாதம் போனதால் தோற்கின்றன. பேசிக்கொண்டே இருங்கள், ஆனால் படிவத்தைக் கெடுவுக்குள் கொடுத்துவிடுங்கள். கேட்கும் தீர்வையும் முதல் படிவத்திலேயே எழுதுங்கள்.

ஆவணம் வேண்டுமென்றால் பொதுத் தகவல் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேளுங்கள். தராமல் மறைக்க நினைத்தால் அவர்கள் 10 வேலை நாளுக்குள் மாநில அட்டர்னி ஜெனரலிடம் கேட்க வேண்டும். "ஷேக் குழுவின் 2026 மார்ச் கூட்டக் குறிப்பும் பரிந்துரைத்த பாடப் பட்டியலும்" என்று குறுக்கிக் கேட்டால் விரைவில் வரும். "எல்லா மின்னஞ்சல்களும்" என்று கேட்டால் கட்டண மதிப்பீடுதான் வரும்.

சபை எதுவரை போகலாம்

வரிவிலக்குள்ள சபை வேட்பாளரை ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது என்பது 1954 முதல் உள்ள ஜான்சன் திருத்தம். 2025 ஜூலையில் டெக்ஸாஸ் நீதிமன்றம் ஒன்றில், ஆராதனையில் போதகர் தம் சபையாரிடம் பேசுவதை மீறலாகக் கருத மாட்டோம் என்று வருமான வரித்துறை ஒப்புக்கொள்ள முன்வந்தது. சட்டத்தின் வாசகம் அப்படியேதான் இருக்கிறது. சின்னச் சபைகள் இதில் துணிச்சல் காட்ட வேண்டாம் என்பது எங்கள் கருத்து. தேவையும் இல்லை. வாக்காளர் பதிவு மேஜை போடலாம், எல்லா வேட்பாளரையும் ஒரே மாதிரி அழைத்துக் கேள்வி கேட்கலாம், கருக்கலைப்பு, கல்வி, குடும்பம் பற்றிப் போதிக்கலாம். சபைப் பணத்தில் வேட்பாளர் நோட்டீஸ் அடிக்கக் கூடாது. சபையின் வாட்ஸ்அப் குழுவில் மூப்பர் வேட்பாளர் படத்தைப் பகிர்வதும் சிக்கலில் விடும். அதைத் தனிக் குழுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சபையில் இரண்டு பேராவது கவுண்டியில் பயிற்சி பெற்றுத் தன்னார்வத் துணைப் பதிவாளராகட்டும். வாங்கிய படிவத்தை ஐந்து நாளுக்குள் கவுண்டியில் சேர்க்க வேண்டும். எந்தக் கட்சிக்காரர் கேட்டாலும் மறுக்கக் கூடாது.

நீங்களே நிற்பதென்றால்

குடிமகனாக, அந்த மாவட்டத்தில் பதிவான வாக்காளராக, மனு கெடுவுக்கு முன் மாநிலத்தில் 12 மாதமும் மாவட்டத்தில் 6 மாதமும் குடியிருந்தவராக இருக்க வேண்டும். மனுவில் நோட்டரி முத்திரை இல்லாவிட்டால் நிராகரிப்பு. கடைசி நாள் மாலை நாலரைக்கு நோட்டரி தேடி யு.பி.எஸ். கடைக்கு ஓடும் நிலை வேண்டாம், முதல் வாரமே கொடுங்கள். ஒரு டாலர் வாங்குவதற்கும் செலவழிப்பதற்கும் முன்பே பிரசாரப் பொருளாளர் நியமனப் படிவம் கொடுத்தாக வேண்டும். நீங்களே உங்கள் பொருளாளராக இருக்கலாம். பலகைகளில் பணம் கொடுத்தவர் யார் என்ற வரியும், நெடுஞ்சாலை எல்லையில் பலகையை ஊன்றக் கூடாது என்ற சட்ட எச்சரிக்கையும் அச்சாக வேண்டும். எச்.ஓ.ஏ. என்ற வீட்டு உரிமையாளர் சங்கம் பலகையைப் பிடுங்கச் சொன்னால் பயப்படாதீர்கள்: தேர்தலுக்கு 90 நாள் முன்பிலிருந்து 10 நாள் பின்பு வரை சொந்த முற்றத்தில் வைப்பதை அவர்கள் தடுக்க முடியாது, வேட்பாளருக்கு ஒன்று என்று கட்டுப்படுத்தலாம்.

எல்லாக் கதவையும் தட்டாதீர்கள். கடந்த மூன்று மே தேர்தல்களில் ஓட்டுப் போட்டவர்களின் பட்டியலைக் கவுண்டியில் வாங்குங்கள், அவர்கள்தான் இந்த மேயிலும் வருவார்கள். அதோடு உங்கள் சபை, தமிழ்ப் பள்ளிக் குடும்பங்களில் குடியுரிமை பெற்றும் மே மாதம் வராதவர்களின் பெயரைத் தனியாக எழுதி, முன்கூட்டிய வாக்களிப்பு வாரத்தில் ஒவ்வொருவருக்கும் போன் போடுங்கள்.

2022 மேயில் டேரன்ட் கவுண்டியின் நான்கு மாவட்டங்களில் கிறிஸ்தவப் பழமைவாதிகள் ஆதரித்த 11 பேரும் வென்றார்கள். 2025 நவம்பரில் சை-ஃபேரில் அதே வகை வேட்பாளர்கள் மூன்று இடங்களை இழந்தார்கள். இடையில் என்ன நடந்தது? அந்தப் போர்டு 2024இல் தடுப்பூசி, பருவநிலை பற்றிய பாடநூல் அத்தியாயங்களை நீக்கியது. அதே ஆண்டு பட்ஜெட் பற்றாக்குறையால் பஸ் வழித்தடங்களை வெட்டியது. முதலாவதைப் பாராட்டிய தாய்மாரும் இரண்டாவதால் காலை ஏழு மணிக்குக் கார் வரிசையில் நின்றார்கள். பஸ் ஓடாத மாவட்டத்தில் கொள்கைப் பேச்சுக்குக் காது இருக்காது. நிற்கிறவர் பட்ஜெட் ஆவணத்தைப் படிக்கத் தெரிந்தவராக, ஆசிரியர் சம்பளம் எவ்வளவு என்று சொல்லத் தெரிந்தவராக இருக்கட்டும். தீவிரமாகப் பேசத் தெரிந்தவர் மட்டும் போதாது.

ஆஸ்டின்

சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், 140 நாள் நடக்கும். அடுத்தது 2027 ஜனவரி 12 முதல் மே 31 வரை. முக்கிய முடிவுகள் அதற்கு முந்தைய ஆண்டின் மார்ச் பிரைமரியிலேயே, அதாவது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலிலேயே, பல தொகுதிகளில் முடிந்துவிடுகின்றன. டெக்ஸாஸில் கட்சிப் பதிவு கிடையாது. எந்தக் கட்சியின் பிரைமரிச் சீட்டையும் கேட்டு வாங்கலாம், ஆனால் அதைத் தொடரும் ரன்-ஆஃப் என்ற இரண்டாம் சுற்றில் கட்சி மாற முடியாது.

கல்விக் குழுவின் விசாரணைக்குப் போகிறவர்கள் காலையிலேயே கேப்பிடல் கட்டடத்துக்குள் உள்ள கருவியில் மசோதா எண்ணைப் போட்டு, ஆதரவு, எதிர்ப்பு, பொதுக் கருத்து மூன்றில் ஒன்றைத் தேர்ந்து பதிய வேண்டும். பேச நேரமில்லாவிட்டால் நிலைப்பாட்டை மட்டும் பதிந்துவிட்டு வரலாம், அதுவும் பதிவேட்டில் ஏறும். பேசுவதென்றால் உங்கள் முறை நள்ளிரவுக்கு மேலும் வரலாம். பார்க்கிங் சீட்டை நாள் முழுவதற்கும் எடுங்கள், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேறு ஆள் ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.